திங்கட்கிழமைக் கால்கள், சனிக்கிழமைக் கழுத்துகள்

என் கட்டிலுக்கு வாரத்தில் இரண்டு கூட்டம். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் வாங்கிய கையோடு வருவது பனியன் கம்பெனிக் கூட்டம். ஓவர்லாக் டெய்லர், கட்டிங் மாஸ்டர், நாளெல்லாம் நின்றே அயர்ன் போடுகிறவர், செக்கிங் டேபிள் அக்காக்கள். ஞாயிறு மத்தியானம் ஆரம்பித்து திங்கள் காலை வரை வருவது சைக்கிள் கூட்டம். அதில் எக்ஸ்போர்ட் முதலாளிகள் உண்டு, மெர்ச்சண்டைசர்கள் உண்டு, ஆடிட்டர், பல் டாக்டர், என்ஜினீயரிங் படிக்கிற பையன்கள் எல்லாம் உண்டு. சனிக்கிழமை படுத்தவருக்குச் சம்பளம் போட்டவர் திங்கட்கிழமை அதே கட்டிலில் படுப்பதும் நடக்கும். விரிப்பை மட்டும் மாற்றிவிடுவோம்.

படித்தது பிசியோதெரபி. போர்டிலும் அதுதான் இருக்கிறது. மனைவியும் பிசியோதான், பெண்களை அவர் பார்த்துக்கொள்கிறார். இடம் தேடி அலைந்த நாட்களில் வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "மசாஜுங்களா?" செய்தித்தாளில் வருகிற மசாஜ் சென்டர் ரெய்டுகள் அவர்கள் கண்முன் ஓடும். கடைசியில் ஒருவர் சரி என்றார், ஒரு நிபந்தனையோடு: "முன்னால கண்ணாடிக் கதவுதான் இருக்கோணுங்." இருக்கிறது. ரோட்டில் போகிறவர்களுக்கு எங்கள் வரவேற்பு மேஜையும், சுவரில் சாய்த்து வைத்த லட்ச ரூபாய் சைக்கிள்களும் தெரியும்.

சைக்கிள்காரர் படுத்ததும் சொல்கிற முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றேதான். "கால்ல லாக்டிக் ஆசிட் சேந்திருச்சுங்ணா, நல்லா அழுத்தி எடுத்து உட்டுருங்க." கல்லூரியில் எங்களுக்குமே அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். தசையில் கழிவு சேர்கிறது, மசாஜ் அதைப் பிழிந்து ரத்தத்தோடு அனுப்புகிறது என்று. கேட்க நன்றாக இருக்கும், நடப்பது அதுவல்ல. பெடலை விட்டு இறங்கி ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் ரத்தத்தில் லாக்டேட் பழைய அளவுக்கு வந்துவிடும். அது கழிவும் அல்ல. இதயமும் ஓய்விலுள்ள தசைகளும் அதை எரிபொருளாகத் தின்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சவாரி முடித்தவர் திங்கட்கிழமை என்னிடம் வந்து அதை எடுக்கச் சொன்னால், நான் எங்கே போய் எடுப்பது?

2010-ல் கனடாவின் குயீன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. முன்கையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி கொடுத்துவிட்டு உடனே மசாஜ் செய்து பார்த்தார்கள். அழுத்தும்போது ரத்த ஓட்டம் தடைபட்டு, லாக்டேட் வெளியேறுவது தாமதமாகத்தான் ஆனது. இரண்டு வருடம் கழித்து அதே நாட்டின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இன்னும் துணிச்சலான சோதனை. பதினோரு இளைஞர்களை முடியாமல் போகும்வரை சைக்கிள் மிதிக்கவிட்டு, ஒரு காலுக்கு மட்டும் பத்து நிமிடம் மசாஜ். பிறகு இரண்டு தொடையிலிருந்தும் துளி துளியாகத் தசையை வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். லாக்டேட்டில் வித்தியாசம் இல்லை. ஆனால் மசாஜ் செய்த காலில் அழற்சிக்கான சமிக்ஞைகள் குறைந்திருந்தன. மைட்டோகாண்ட்ரியா பெருகுவதற்கான அறிகுறி தென்பட்டது. 2020-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆராய்ச்சியாளர்கள் 29 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். வலி கொஞ்சம் குறைகிறது, உடம்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது, வேகமோ பலமோ கூடுவதில்லை என்பது முடிவு. இதை நான் வாடிக்கையாளர்களிடம் சொல்லாமல் இருப்பதில்லை. தொழிலுக்கு நஷ்டம் இல்லையா என்று மனைவி கேட்பார். இதுவரை யாரும் கட்டிலை விட்டு எழுந்து போனதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சைக்கிள்காரர்களின் கால் தசை, அவர்கள் பயப்படுகிற அளவுக்கு அடிபடுவதே இல்லை. ஓடுகிறவரின் தொடை, ஒவ்வொரு எட்டிலும் உடம்பு எடையைத் தாங்கி நிறுத்த வேண்டியிருக்கிறது. நீண்டுகொண்டே இறுகும்போதுதான் தசை நார்கள் கிழிகின்றன. மறுநாள் படி இறங்க முடியாமல் முனகுவது அதனால். பெடல் மிதிக்கும்போது தசை சுருங்கித் தள்ளுகிறது, அவ்வளவுதான். இறங்கும் எடையைத் தாங்குகிற வேலை ஏறக்குறைய இல்லை. மாரத்தான் ஓடியவரின் தொடையில் கை வைத்தால் துள்ளுவார். 200 கிலோமீட்டர் மிதித்தவர் தூங்கிவிடுவார். சைக்கிள்காரருக்கு உண்மையில் அடிபடுவது ஆடாமல் அசையாமல் இருக்கிற இடங்கள்: கழுத்து, உள்ளங்கை, கீழ்முதுகு, உட்காருமிடம். கால் கால் என்று வந்தவரைக் குப்புறப் போட்டு, கழுத்துக்கும் தோள்பட்டைக்கும் நடுவில் கட்டைவிரலை வைத்தால்தான் "ஆங்... அங்கதானுங்" என்று குரல் வரும்.

ஆனி, ஆடியில் இந்தக் கழுத்துக்காரர்கள் கூடுவார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேற்குக் காற்றுக்குத்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலை நட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் காற்றை எதிர்த்து பல்லடம் தாண்டிப் பொள்ளாச்சி ரோட்டில் மிதிக்கிறவர், நெஞ்சை ஹேண்டில்பாரோடு ஒட்டவைத்துப் படுத்துவிடுவார். உடம்பு படுத்தாலும் கண் ரோட்டில் இருக்க வேண்டும். தலையை அண்ணாந்தே வைத்திருக்க வேண்டும். தலையின் எடை ஏறக்குறைய ஐந்து கிலோ, ஹெல்மெட் தனி. பின்கழுத்துத் தசை இரண்டு மணி நேரம் சுருங்கின நிலையிலேயே நிற்கிறது. திரும்பும்போது காற்று முதுகில் தள்ள, வீடு வந்து சேர்ந்த வேகத்தைப் போனில் காட்டிப் பெருமைப்படுவார்கள். கழுத்துக்கு அந்தப் பெருமையில் பங்கில்லை.

இதன் எல்லையைத் தொட்டவர் அமெரிக்காவின் மைக்கேல் ஷெர்மர். அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் பந்தயத்தில் 1983-ல் அவருடைய கழுத்துத் தசைகள் ஒரேயடியாகக் கைவிட்டுவிட்டன. தலை தொங்கிப்போயிற்று, தூக்க முடியவில்லை. இன்றும் அந்த நிலையை 'ஷெர்மர் கழுத்து' என்றே சொல்கிறார்கள். மசாஜ் செய்து சரிப்படுத்துகிற விஷயம் அல்ல அது. சவாரியை விட்டு இறங்குவது ஒன்றே வழி.

சனிக்கிழமை வருகிற ஓவர்லாக் டெய்லருக்கும் இதே இடத்தில்தான் வலி. காரணம் நேர் எதிர். அவர் ஊசி முனையைப் பார்த்து நாளெல்லாம் குனிந்திருக்கிறார். பின்கழுத்துத் தசை நீண்டுபோய், நீண்ட நிலையிலேயே தலையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒன்றரை ஷிப்ட் ஓடும் ஷிப்மென்ட் வாரங்களில் அந்தத் தசை கயிறாக விரலில் தட்டும். சைக்கிள்காரர் கழுத்தை இளக்கிவிட்டால் போதும். டெய்லர் கழுத்தை இளக்கிவிடுவது அன்று ராத்திரிக்கு மட்டும்தான் சுகம். அதற்குப் பலம் ஏற்ற வேண்டும். சுவரில் தலையின் பின்புறத்தை வைத்து அழுத்துகிற ஒரு பயிற்சி சொல்லித் தருவேன். டீ பிரேக்கில் செய்யுங்கள் என்பேன். "டீ பிரேக்ல டீயே குடிக்க முடியலீங்ணா" என்பார்கள்.

விரல் மரத்துப்போகிறது என்று இரண்டு கூட்டமும் சொல்லும். நான் கேட்பது ஒன்றுதான்: எந்த விரல்? சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் என்றால் சைக்கிள். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க மேட்டை ஹேண்டில்பாரில் ஊன்றியே இருப்பதால், அங்கே ஓடுகிற அல்நார் நரம்பு நசுங்குகிறது. ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறுகிற 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது இல்லாத மரப்பு, பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கும்போது வந்துவிடும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் மணிக்கட்டுக்குள் மீடியன் நரம்பு; அது கத்தரியும் துணி இழுப்பும் செய்கிற வேலை. டிரிம்மிங் பண்ணுகிறவர்கள் ராத்திரி கையை உதறிக்கொண்டு எழுவார்கள். இரண்டுக்கும் முன்கையைப் பிசைந்துவிட்டால் இதமாக இருக்கும். ஆனால் நசுக்குகிற பொருள் நசுக்கிக்கொண்டேயிருந்தால் எந்த எண்ணெய்க்கும் அங்கே வேலையில்லை.

எண்ணெய் என்றதும் ஒன்று. கம்பெனி ஆட்களுக்கு நல்லெண்ணெயை முதுகில் விட்டுத் தடவினால், முதல் இழுப்பிலேயே என் உள்ளங்கையில் மெல்லிய பஞ்சுத் திரி சேரும். குளித்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். கழுத்து மடிப்பிலும் காதுக்குப் பின்னாலும் அது தங்கிவிடும். துணியில் துடைத்துவிட்டு மறுபடி தொடங்குவேன். சைக்கிள்காரர் தொடையில் வேறு ஒரு தடம். ஷார்ட்ஸ் தையல் அழுந்திய கோடு. சாதாரண ஓவர்லாக்கில் தைத்தால் உள்பக்கம் தையல் வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். ஆயிரக்கணக்கான தடவை தொடை அதில் உரசினால் தோல் போய்விடும். நல்ல சைக்கிள் ஷார்ட்ஸில் நாலு ஊசி, ஆறு நூல் ஓட்டி, துணி விளிம்புகளைச் சேர்த்துத் தட்டையாகத் தைத்திருப்பார்கள். தொடைத் தடத்தைப் பார்த்தே தையலைச் சொல்கிற அளவுக்கு இந்த ஊர் எனக்குப் படிப்புக் கொடுத்திருக்கிறது. தோல் உரிந்த இடத்தில், சீட் புண்ணில், விழுந்து சிராய்த்த இடத்தில் எண்ணெய் படக் கூடாது. ஐரோப்பியப் பந்தய வீரர்கள் காலைச் சிரைத்துக்கொள்வது இதற்கும் சேர்த்துத்தான்: முடியோடு எண்ணெய் தேய்த்தால் வேர்க்கால்களில் சீழ்க் கொப்புளம் வரும், சிராய்ப்பைச் சுத்தம் பண்ணுவதும் கஷ்டம். இங்கே சொன்னால் சிரிக்கிறார்கள். "ஊட்டுல என்னன்னு சொல்றதுங்?" எண்ணெயைக் குறைத்துக்கொள்வேன்.

தொலைதூரச் சவாரிக்குப் போகிறவர்கள் தனி ரகம். ப்ரெவெ என்று சொல்லப்படும் இந்தச் சவாரிகளில் பந்தயம் கிடையாது, நேரக் கெடு மட்டும் உண்டு. 200 கிலோமீட்டருக்குப் பதிமூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. நாலையும் ஒரே பருவத்தில் முடித்தால் சூப்பர் ராண்டனர் பட்டம். இதன் தாய்வீடு பிரான்ஸ். 1891-ல் பந்தயமாகத் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ், இப்போது நாலு வருடத்துக்கு ஒருமுறை 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்தில் முடிக்கும் சவாரியாக நடக்கிறது. 2019-லும் 2023-லும் நம் நாட்டிலிருந்தும் கூட்டமாகப் போனார்கள். விதி கறாரானது: கட்டுப்பாட்டு நிலையங்களைத் தவிர வழியில் யாரும் உதவக் கூடாது. பின்னால் காரில் நான் எண்ணெய்ப் பாட்டிலோடு போக முடியாது. அதனால் எனக்கு வேலை முன்னும் பின்னும்தான்.

முன்னால் என்றால், முந்தின நாள் அல்ல. இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நாளைக் காலை நாலு மணிக்கு 300 கிளம்புகிறவர், இன்று சாயங்காலம் வந்து நல்லா அழுத்துங்க என்பார். ஆழமாக அழுத்திய தசை மறுநாள் கன்றிப்போய் மந்தமாக இருக்கும். இரண்டு மூன்று நாளுக்கு முன்னால் வாருங்கள், இல்லையென்றால் இன்றைக்குத் தடவிக்கொடுப்பதோடு சரி என்பேன். முடிந்த பிறகும் அப்படியே. அன்றே வந்தால் லேசாக, பாதத்திலிருந்து இதயம் பார்க்க மேல்நோக்கி வருடல். நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்துத்தான் முட்டியும் முழங்கையும். 600 முடித்து வருகிறவரைப் பார்த்தாலே தெரியும். ஜெர்சியில் உப்புக் கோடு படம் வரைந்திருக்கும், ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல யோசிப்பார். கெண்டைக்காலில் கை வைத்து ரெண்டு இழுப்பு இழுப்பதற்குள் குறட்டை வரும். எழுப்புவதில்லை. அடுத்து வருகிறவரை உட்காரச் சொல்லிவிட்டு அவரைத் தூங்க விடுவேன். அவருக்கு நான் கொடுத்ததில் உருப்படியானது அந்தத் தூக்கம்தான். கட்டணம் வாங்கத்தான் கூச்சமாக இருக்கும். வாங்கிக்கொள்வேன்.

தொடக் கூடாத கால்களும் வரும். நீண்ட சவாரி முடித்து, அன்று ராத்திரியே காரில் காலைத் தொங்கப்போட்டு சென்னை போய் வந்தவர் ஒருவர், இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது என்றார். இரண்டு காலையும் சேர்த்துப் பார்த்தேன். இடது கால் வீங்கி, சூடாக, தோல் மினுங்கிக்கொண்டிருந்தது. டேப்பை எடுத்து அளந்தேன், வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. தொடவில்லை. டாப்ளர் ஸ்கேன் எழுதி டாக்டரிடம் அனுப்பினேன். "தேச்சு உட்டா சரியாப் போறதுக்கு ஸ்கேனுங்களா" என்று கோபித்துக்கொண்டுதான் போனார். ஆழத்து நாளத்தில் ரத்தக் கட்டி இருந்தது. அழுத்தினால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம் என்பதால்தான் தொடக் கூடாது. அதேபோல, மிதித்து முடித்தபின் சிறுநீர் கோலா நிறத்தில் போகிறது, தொடை கல்லாக இருக்கிறது என்று சொன்னால், தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிற நிலையாக இருக்கலாம். கட்டிலில் படுக்கவே வைக்கக் கூடாது, நேராக ஆஸ்பத்திரி.

சிறுநீரகத்துக்காகத்தான் இன்னொன்றையும் மறுக்கிறேன். சவாரிக்கு நடுவில் போட்டுக்கொள்ள வலி மாத்திரை பெயர் கேட்பார்கள். கிளம்பும்முன் டைக்ளோபினாக் ஊசி போட யாரையாவது தெரியுமா என்றுகூட. வெயிலில் வேர்த்து வற்றிய உடம்பில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு வினை. இந்தத் தொழிலின் சரித்திரத்திலேயே கைக்கும் மருந்துப் பைக்கும் போட்டி உண்டு. இத்தாலிய சைக்கிள் வீரர் ஃபாஸ்டோ கோப்பியை உருவாக்கியவர்களில் ஒருவர் பியாஜியோ கவன்னா என்ற மசாஜ்காரர். கண் தெரியாது. விரலால் தசையைத் தடவியே பயிற்சியைத் தீர்மானித்தார். கோப்பி 1949-லும் 1952-லும் டூர் டி பிரான்ஸ் ஜெயித்தார். 1998 ஜூலையில், அதே டூர் தொடங்குவதற்குச் சில நாள் முன்னால், ஃபெஸ்டினா அணியின் மசாஜ்காரர் வில்லி வூட் பெல்ஜிய எல்லையில் பிடிபட்டார். கார் நிறைய ஊக்கமருந்து. கவன்னாவின் வண்டவாளத்தையும் கதை கதையாகச் சொல்கிறவர்கள் உண்டு. இருந்தாலும் அந்த விரல்களை நான் மறுக்க மாட்டேன்.

நம்மிடமும் விரல்களுக்குப் பஞ்சமில்லை. சித்த மருத்துவத்தில் தொக்கணம் ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். சித்தா படித்த நண்பரிடம் பார்த்துக் கற்றுக்கொண்டதில் எனக்கு அதிகம் உதவுவது அசைத்தல். களைத்த காலைக் குதிகாலில் ஏந்தி, மெதுவாக ஆட்டிக்கொண்டேயிருந்தால் இடுப்புவரை தானாக இளகும். இப்போது எல்லோர் வீட்டிலும் மசாஜ் கன் இருக்கிறது. தொடையில், பிட்டத்தில் வைத்தால் மோசமில்லை. முழங்கால் சில்லில், கழுத்துப் பக்கவாட்டில் வைத்து ஓட்டிவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால்தான் பிடுங்கி வைத்துக்கொள்ளலாமா என்று தோன்றும்.

முழங்காலுக்கு வருகிறவரிடம் இப்போதெல்லாம் சைக்கிளையும் கொண்டுவரச் சொல்கிறேன். முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்தால் முட்டி 25-லிருந்து 35 டிகிரி மடிந்திருக்கும். ஆலன் சாவியை எடுத்துப் பத்து மில்லிமீட்டர் ஏற்றியதும், மாதக்கணக்காக நான் பிசைந்துகொண்டிருந்த வலி போன கதைகள் உண்டு. ஒரு வருமானம் போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படி வலி போன ஒருவர் நாலு பேரைக் கூட்டி வந்தார்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் எக்ஸ்போர்ட் கம்பெனி வைத்திருக்கிறார். பெங்களூருவில் பைக் ஃபிட்டிங்குக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்து, சீட், ஹேண்டில்பார், ஷூ கிளீட் எல்லாம் மில்லிமீட்டர் சுத்தமாகச் சரிசெய்தவர். ஒரு திங்கட்கிழமை, கழுத்து விட்டுப்போனதைச் சிலாகித்துக்கொண்டு படுத்திருந்தார். "உங்க லைன்ல ஸ்டூல் என்ன உசரமுங்ணா?" என்று கேட்டேன். தெரியாது என்றார். எனக்குத் தெரியும், அவருடைய டெய்லர்கள் சனிக்கிழமை வருகிறவர்கள். ஐந்தடிப் பெண்ணுக்கும் ஆறடி ஒடிசா பையனுக்கும் ஒரே மர ஸ்டூல். குள்ளமானவர்கள் கட்பீஸ் மூட்டையைப் போட்டு உட்காருகிறார்கள். உயரமானவர்கள் கூன் போடுகிறார்கள்.

கோபித்துக்கொள்ளவில்லை. திருகி ஏற்றி இறக்கும் ஸ்டூல்களை ஒரு லைனுக்கு வாங்கிப் போட்டார். பத்து நாளில் அவரிடமிருந்து போன்: பாதிப் பேர் பழைய ஸ்டூலுக்கே போய்விட்டார்களாம். அவருக்கு ஆச்சரியம், எனக்கு இல்லை. சீட்டை ஏற்றியதும் இவரும்தான் இரண்டு வாரம், மிதியே சரியில்லை என்று புலம்பினார். உயரம் மாறினால் பெடல் மேல் பாதம் போகிற கோணம் மாறும், துணி தள்ளுகிற கையின் தாளம் மாறும். பழகும்வரை வேகம் குறையும். இவருக்குக் குறைந்தது மணிக்கு ஒரு கிலோமீட்டர். அவர்களுக்குக் குறைவது பீஸ். பீஸ் குறைந்தால் சனிக்கிழமைக் கவர் மெலியும்.

"அந்த ரெண்டு வாரத்துக்கு மட்டும் பீஸ் ரேட் வேண்டாமுங்ணா, ஷிப்ட் கணக்குல போட்டுக் குடுங்க" என்றேன்.

யோசித்தார். "இந்த ஷிப்மென்ட் போகட்டுங்" என்றிருக்கிறார்.